நாயோடு நடக்க தனுஷ்கோடி வேண்டாம்: இராமநாதபுரம் கரையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாய் வளர்ப்பவர்கள் இராமநாதபுரம் பக்கம் பயணம் போட்டால் முதலில் தனுஷ்கோடியைத்தான் குறித்துவைக்கிறார்கள். இருபுறமும் கடல், நடுவே நேர்கோடாய் ஒரு சாலை, கண்ணெட்டும் தூரம் வரை வெண்மணல். படத்தில் பார்த்தால் நாய் ஓடி விளையாட இதைவிட நல்ல இடம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளும் இந்த மாவட்டக் கடற்கரையில் நாய்க்குச் சற்றும் பொருந்தாத இடம் அதுதான் என்பது என் கருத்து. பொருந்துகிற இடங்கள் வேறு. அவை புகழ் பெற்றவை அல்ல. பலவற்றுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

இங்கிலாந்தில் பல உள்ளாட்சிகள் மே முதல் செப்டம்பர் வரை கூட்டம் மிகுந்த கடற்கரைகளுக்கு நாய் வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்துவிடுகின்றன. எந்த மாதம், எந்த இடம் என்பது எழுத்தில் இருக்கும், சண்டைக்கு இடமில்லை. நம் கரையிலும் நாய்க்கு ஆகும் காலம், ஆகாத காலம் என்று உண்டு. பலகைதான் இல்லை. காற்றும் ஆமையும் மீன்பிடி நாட்களும் தொழுகை நேரமும் அமாவாசையும் சேர்ந்து அந்த அட்டவணையை வகுக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே நடக்க இடம் நிறைய இருக்கிறது.

இரண்டு கடல், இரண்டு காலம்

மண்டபம் முனையிலும் இராமேசுவரம் தீவிலும் நிற்கிறவருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, அலை சிறியது, பல இடங்களில் வெகுதூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஆண்கடலில் கரை சட்டென்று சரியும், இழுப்பு இருக்கும். நீந்தத் தெரியாத நாய் இல்லை என்ற நம்பிக்கையில் ஆண்கடலில் பந்தை எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாய்க்கு நீந்தத் தெரியும். இழுப்பிலிருந்து பக்கவாட்டில் விலகி வரவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அது எசமானரைப் பார்த்தபடி நேராகவே நீந்திக் களைத்துப்போகும்.

காற்று திரும்பும்போது கடல்களின் குணமும் மாறுகிறது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆகவே கச்சான் காலத்தில் வடகரை, வாடைக் காலத்தில் தென்கரை என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கச்சான் காலத்தில் தென்கரையில் மணல் பறக்கும். தனுஷ்கோடிச் சாலையை அது மூடிவிடுவதும் உண்டு. காற்றில் உருண்டு துள்ளிவரும் மணலில் மிகப் பெரும்பங்கு நம் முழங்கால் உயரத்துக்குள்தான் பறக்கிறது. நமக்குக் கணுக்காலில் சுருக்கென்று குத்துவதோடு போய்விடும். நாய்க்கு அது முகத்துக்கு நேர். கண் சிவந்து நீர் வடிய நடக்கும் நாயை, உற்சாகம் இல்லாமல் வருகிறது என்று இழுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒருமுறை குனிந்து அதன் உயரத்தில் நின்று பார்க்கலாம்.

வெயில் வேறு. நாய்க்கு உடல் முழுதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. கடலோர ஈரக்காற்றில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. இயல்பான 38, 39 டிகிரியில் இருக்கும் உடல் சூடு 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. புறங்கையைத் தாரிலோ மணலிலோ வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. இராமநாதபுரத்தில் பங்குனி தொடங்கிவிட்டால் முற்பகலிலேயே அந்த நிலை வந்துவிடும். தனுஷ்கோடிச் சாலையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

தனுஷ்கோடி யாருடைய இடம்?

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்றே தனுஷ்கோடியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மனிதர்கள் பெரும்பாலும் வெளியேறிய பிறகு அது பறவைகளின் ஊராகிவிட்டது. 2017-இல் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதும் மனிதக் கூட்டம் திரும்பி வந்தது. பின்னாலேயே நாய்களும் வந்தன. சுற்றுலாப் பயணிகள் வீசும் மீன் வறுவல் மிச்சத்தில் வாழும் தெருநாய்களும் அதில் அடக்கம். 2025 ஜூனில் தமிழக அரசு இங்கே சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்துக்குள் காட்டுயிர்களைச் சீண்டுவதும் துன்புறுத்துவதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. நாயை அவிழ்த்துவிட்டுப் பூநாரைக் கூட்டம் எழும்புவதைப் படம் எடுப்பது அழகான காட்சி அல்ல, சட்ட மீறல்.

சட்டத்தை விடுங்கள். பறவைக்கு என்ன நட்டம் என்று பார்ப்போம். கடலோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் தின்னும் நேரமும் போகிறது, தின்று சேர்த்ததும் செலவாகிறது. தனியாக நடக்கும் மனிதரைவிட நாய் தென்பட்டால் அவை இன்னும் தொலைவிலேயே எழும்பிவிடும். பறவையின் கண்ணுக்கு உங்கள் வீட்டு லாப்ரடாரும் நரியும் ஒன்றுதான்.

தரையில் முட்டையிடும் பறவைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை 2023-இல்தான் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்தார்கள். அது வாழும் பகுதியில் இராமர் பாலம் இருப்பதால் அனுமனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆற்றல் மிகுந்த பெயர், உருவமோ உள்ளங்கை அளவு. உப்புக்கொத்திகள் கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள், அவ்வளவுதான். நம் வெயிலில் தாய்ப்பறவை பகலில் முட்டைமேல் உட்காருவது சூடேற்றுவதற்காக அல்ல, நிழல் தருவதற்காக. சில வேளை வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். நாய் ஒன்று அந்தப் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தால் அது எழுந்து விலகும். நாய் முட்டையைத் தொடவே வேண்டாம். கால்மணி நேரம் அங்கே சுற்றினால் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காக்கைகளும் காத்திருக்கும்.

பங்குனி ஆமைகளும் இருக்கின்றன. தை முதல் சித்திரை வரை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு வெளிவர நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் ஆகும். வனத்துறையினர் விடியுமுன் தேடி எடுத்து முகுந்தராயர் சத்திரம் பக்கம் உள்ள பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் வருவதற்குமுன் நாய் வந்துவிட்டால் குழி காலி. அந்த மாதங்களில் மாலைக்குப் பிறகும் விடியற்காலையிலும் திறந்த மணற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. கயிற்றில் கட்டியிருந்தாலும் ஆமைத் தடத்தின் வாடை பட்டால் அது இழுக்கும் இழுப்பை நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. தொண்டிக்கு அருகே காரங்காட்டு அலையாத்திக் காடும் அப்படியே. படகுச் சவாரிக்கு நாய் வேண்டாம். அந்தச் சேற்றில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் பாதத்தைப் பதம் பார்த்துவிடும்.

கரை என்பது பிறருடைய வேலை இடம்

நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடற்கரை என்றால் பொழுதுபோக்கு. இராமநாதபுரம் கரையின் பெரும்பகுதி தொழில் நடக்கும் களம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஓலைக்குடா எங்கும் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். மிதவையில் பாசி வளர்க்கவும் செய்கிறார்கள். எடுத்த பாசி மணலிலோ வலைமேலோ காயும். மீன் காயவைக்கும் வாடிகளில் கருவாடு காயும். உங்கள் நாய் அதன்மேல் ஓடிவிட்டுக் காலைத் தூக்கினால், அது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு. மன்னிப்புக் கேட்டால் அவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சிரிப்பை வைத்து, பரவாயில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வாடி தெரிந்தால் கயிற்றைச் சுருக்கிக்கொண்டு மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போவதுதான் முறை.

அந்தக் கரை நாய்க்கும் ஆபத்தானது. வலையில் சிக்கி வேண்டாமென்று எறியப்படுபவற்றில் முதல் எதிரி பேத்தை மீன். காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும் அந்த மீனின் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கிவிடும். மாற்று மருந்து கிடையாது. மணலில் காய்ந்து சுருண்டு கிடந்தாலும் நஞ்சு போகாது, வேகவைத்தாலும் போகாது. கரையோர ஊர் நாய்கள் பேத்தையை முகர்ந்துவிட்டு விலகுவதைப் பார்க்கலாம். நகரத்து நாய்க்கு அந்தப் படிப்பு இல்லை. அடுத்தது கெளுத்தி முள். வலையிலிருந்து கெளுத்தியைக் கழற்றும்போதே மீனவர்கள் முள்ளை ஒடித்துப் போட்டுவிடுவார்கள். இரம்பப் பல் உள்ள அந்த முள் பாதத்தில் ஏறினால் பின்னோக்கி இழுக்க வராது. திருக்கையின் வால்முள்ளும் இதே சாதி. அறுந்த தங்கூசி நரம்பு, அதாவது தூண்டில் நைலான் இழை, காலைச் சுற்றி அறுக்கும். ஒதுங்கிய சொறிமீன் காய்ந்த பிறகும் மூக்கில் பட்டால் எரியும். வலையோடு வந்து கரையில் விடப்பட்ட கடல்பாம்பு செத்ததுபோலக் கிடக்கும். துடுப்புபோல் தட்டையான வாலைப் பார்த்து அடையாளம் காணலாம். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கானது. கடல்பாம்புக்கு அது கேட்காது.

எந்த நாளில் எங்கே நெருக்கடி என்பதற்கும் கணக்கு உண்டு. இராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரை திரும்பும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் இறங்குதளங்களின் அருகே மீனும் ஐஸும் லாரியுமாக இருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரை ஓய்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். அப்போதுதான் படகுகளுக்கு மராமத்து. மணல் முழுக்க ஆணியும் ஃபைபர் சிலும்பும்.

அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றும் முன்னோருக்குத் திதி கொடுக்கும் இடங்கள். பிண்டம் வைத்த இலையை நாய் இழுத்துவிட்டால் அதற்கு ஈடு சொல்ல வார்த்தை கிடையாது. ஆடி, தை அமாவாசைகளில் அந்தத் திசையே வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களின் முஸ்லிம்களில் பலர் ஷாஃபி வழிமுறையைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சில் உடலிலோ உடையிலோ பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவிய பிறகே தொழ முடியும் என்பது அவர்கள் மார்க்கச் சட்டம். நாம் நாயோடு கிளம்பும் விடியல் நேரத்தில்தான் அவர்கள் சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடக்கிறார்கள். "ஒன்றும் செய்யாது, பாசமான நாய்தான்" என்று சொல்லி நாயை அருகே விடுவது அங்கே மரியாதை ஆகாது. அவர்கள் பயப்படவில்லை, தொழுகைக்குத் தாமதமாகிவிடும் என்று கவலைப்படுகிறார்கள். தெருவின் மறுபக்கம் போய்விட்டால் போதும்.

ஊர் நாய்கள்

ஒவ்வொரு வாடிக்கும் ஒரு நாய்க்கூட்டம் இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை இருக்கும். அந்த எல்லைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பதுதான் இந்தக் கரையில் நாயோடு நடப்பதன் உண்மையான சிரமம். முதல் குரைப்பு எங்கே கேட்கிறதோ அங்கே எல்லை தொடங்குகிறது. அப்போதே திரும்பிவிட்டால் பெரும்பாலும் பின்தொடராது. ஓடக்கூடாது. கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் உங்கள் நாய் நிமிர்ந்து நிற்கும், எதிரே நிற்பவை அதைச் சண்டைக்கு அழைப்பாக எடுத்துக்கொள்ளும். தளர்வாகப் பிடித்து, வளைந்து விலகுவது நல்லது. உள்ளங்கை அகல நாயைத் தோளில் தூக்கிக்கொள்வது மட்டும் வேண்டாம். துள்ளும் கூட்டம் உங்கள்மேல் பாயும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயை இந்தக் கரைக்குக் கொண்டுவருவது பொறுப்பற்ற செயல். கடி பட்டால், மனிதருக்கானாலும் நாய்க்கானாலும், சோப்பு நீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை.

சரி, எங்கேதான் நடப்பது?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே வடகரையில் இருக்கும் அரியமான் என் முதல் தேர்வு. சவுக்குத் தோப்பின் நிழல் உண்டு, பெண்கடலின் தணிந்த நீர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும். வேலைநாள் காலையில் தோப்பில் உங்களையும் காற்றையும் தவிர அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மேட்டு மணலில் அடம்பங்கொடியின்மேல் நடக்கலாம். அதன் பக்கத்தில் உருண்டை உருண்டையாக நிற்கும் இராவணன் மீசைப் புல்லிலிருந்து நாயை விலக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை இலை கண் உயரத்தில் இருக்கிறது. வாடைக் காலத்தில் தென்கரையில் வாலிநோக்கம் பக்கம் நன்றாக இருக்கும். உப்பளப் பாத்திகளுக்குள் மட்டும் இறங்க வேண்டாம். செறிந்த உப்புநீர் பாதத்தின் கீறலில் எரியும், நக்கினால் வாந்தி வரும். கடல்நீரும் அப்படித்தான், ஆகவே குடிநீர் நிறைய எடுத்துப்போங்கள்.

ஆனால் இந்த மாவட்டத்தில் நாய்க்கு உண்மையிலேயே ஏற்ற நடைபாதை கடற்கரையில் இல்லை. கண்மாய்க் கரையில் இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் மழைநீரையும் வைகையின் கடைமடைத் தண்ணீரையும் தேக்க ஊருக்கு ஊர் வெட்டிய கண்மாய்கள், அவற்றைச் சுற்றி மாட்டுவண்டி போகும் அகலத்தில் உயர்ந்த மண்கரை, கரையோரம் பனையும் நாட்டுக்கருவேலமும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயர்பெற்ற ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயின் கரையில் ஒருநாள் காலை நடையை எங்கே தொடங்கினாலும் முடிவு வராது. மண் தார்ச்சாலைபோல் சுடாது. வாகனம் இல்லை. தண்ணீர் நிறைந்திருக்கும் கார்த்திகை முதல் மாசி வரை மிக நல்ல காலம்.

எல்லாக் கண்மாயும் அல்ல. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் ஆகியவை பறவைகள் சரணாலயங்கள். கூடு கட்டும் பருவமும் நமக்கு உகந்த அதே குளிர்காலம்தான் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மற்ற கண்மாய்களிலும் வற்றும் காலத்தில் தேங்கிய நீரின்மேல் பச்சைப் பசையாய்ப் படலம் மிதந்தால் நாயைக் குடிக்கவோ இறங்கவோ விடக்கூடாது. சில வகைப் படலம் ஈரலை அழித்துவிடும்.

கண்மாய்ப் பக்கத்தில் நாய்க்கு வரும் துன்பங்கள் கடற்கரையிலிருந்து வேறுபட்டவை. சீமைக்கருவேல முள் முதலாவது. விறகு வெட்டிக் கரிமூட்டம் போட்ட இடங்களில் உதிர்ந்த முள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், ரப்பர் செருப்பையே துளைக்கும். ஒரு சாமணம் பையில் இல்லாமல் நடக்காதீர்கள். தை கடந்தால் மிளகாய்க் களங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் பங்குனி வரை களத்திலும் சாலையோரத்திலும் சிவப்பாய்க் காயும். அதன்மேல் நடந்த நாய் கொஞ்ச நேரம் கழித்துப் பாதத்தை நக்கும். பிறகு அந்தப் பாதத்தாலேயே கண்ணைத் தேய்க்கும். தண்ணீர் ஊற்றினால் காரம் லேசில் போகாது, முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட வேண்டும். விளைச்சலைக் கெடுத்ததற்கு மிளகாய்க்காரரிடம் வாங்கும் திட்டு தனி.

அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இங்கேதான் நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்தப் பழகிய இனங்கள். மெல்லிய முடி என்பதால் நம் வெயிலை ஓரளவு தாங்கும், அதில் எந்த வெளிநாட்டு இனமும் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் ஓடுகிற எதுவும் அவற்றுக்கு முயல்தான். தெறித்து ஓடும் ஓர் ஆட்டுக்குட்டி போதும், கூப்பிட்டால் திரும்பாது. கிடைக்குக் காவலாக நிற்கும் நாய்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. இராஜபாளையம் நாய்க்கு வேறு குறை. வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு. வெயிலில் தோல் வெந்துபோகும். சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் குரலை நம்பி அவிழ்த்துவிட முடியாது.

இரவில் கடற்கரைப் பக்கம் நாயோடு நடந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்கள் நிறுத்தி விசாரிப்பார்கள். கடத்தல் நடக்கும் கரை இது, அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். அடையாள அட்டையும் நாயின் தடுப்பூசிச் சீட்டும் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். ரயிலில் நாயை வைத்துக்கொண்டு பயணம் செய்ய முதல் வகுப்பில் முழு அறையையும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். கோடையில் அந்தக் கூண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக மருத்துவம். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். பெரிய சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனை, அதற்கும் மேலென்றால் மதுரை. பேத்தையைத் தின்ற நாய்க்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் வாய் நுரைத்துக் கால் தள்ளாடத் தொடங்கும்; மூச்சுக்கு உதவி கிடைத்தால்தான் பிழைக்க வாய்ப்பு. அரிச்சல்முனையிலிருந்து இராமநாதபுரம் எழுபது கிலோமீட்டருக்கும் மேல், நடுவே பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களின் நெரிசல். அரியமானிலிருந்து அதில் பாதித் தூரம்கூட இல்லை, பாலமும் இல்லை.